நீல உருண்டை

ஆயுத பூஜை முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் லைன் வீட்டில் யாரும் அடுப்பு பற்ற வைக்க மாட்டோம். விரதம் கிரதம் ஒன்றுமில்லை. கரப்பான் பூச்சிதான் காரணம்.

பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். ஆயுத பூஜை அன்று மெஷினுக்கெல்லாம் மாலை போட்டு, ஆளுக்கு ஒரு பை பொரி கடலையும் ஒரு ஸ்வீட் பாக்ஸும் கொடுத்து அனுப்புவார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு என்றால் இரண்டு பை. அந்த வாரம் பூராவும் பாய்க்கு அடியில் பொரி, துணி மூட்டைக்குள் பொரி, பிள்ளைகள் தலைமுடியில் பொரி. எங்கள் நெருப்பெரிச்சல் ஏரியாவில் இருக்கிற கரப்பான்களுக்கு அதுதான் தீபாவளி போனஸ்.

என் வீட்டுக்காரர் இசக்கிமுத்து ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஆள் அமைதி. வாய் எனக்குத்தான் நீளம். கல்யாணம் முடிந்து சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து நான் இந்த லைன் வீட்டுக்கு வந்த புதிதில், ராத்திரி கரப்பான் முகத்தில் ஓடி நான் போட்ட சத்தத்தில் அந்த வரிசையே எழுந்துவிட்டது. மறுநாளே கடையில் மருந்து வாங்கி எங்கள் வீட்டில் மட்டும் வைத்தோம். எங்கள் வீடு சுத்தமானது. அதற்கடுத்த நாள் பக்கத்து வீட்டு ரோஸ்மேரி துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"ஏட்டி, உங்க வீட்டுக் கூட்டம் பூரா எங்க வீட்டுக்குல்லா வந்துட்டு!"

நாசரேத்துப் பக்கத்துக்காரி அவள். முதல் சண்டையும் அதுதான், முதல் பழக்கமும் அதுதான்.

லைன் வீட்டில் அப்படித்தான் நடக்கும். ஒரே ஓட்டுக் கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு சுவர், அந்தச் சுவரும் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டில் தும்மினால் நாம் மூக்கைத் துடைக்கலாம். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒரு வீட்ல மருந்து வச்சா அது அடுத்த வீட்டுக்குக் குடிபோயிரும். அட்வான்ஸ்கூடக் குடுக்காது. வச்சா எல்லா வீட்லயும் ஒண்ணா வைக்கணும்."

அப்படி ஆரம்பித்ததுதான் உருண்டை நாள்.

நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கி வருவார். கற்கண்டை உடைத்துப் போட்ட மாதிரி வெள்ளைக் கட்டிகள். அதை வாசலில் இரும்புச் சட்டியில் போட்டு வறுப்பார், சோளப்பொரி மாதிரி பொரிந்து நுரைத்து வரும். பிள்ளைகள் வட்டம் கட்டி வேடிக்கை பார்க்கும். ஆறவிட்டு இடித்து, கோதுமை மாவும் சர்க்கரையும் வெங்காயச் சாறும் சேர்த்துப் பிசைந்து, கோலிக்குண்டு அளவுக்கு உருட்டுவோம். உருட்டுவதற்கு முன்னால் மாவில் சொட்டு நீலம் விடுவார். வெள்ளைச் சட்டைக்குப் போடுகிற அதே நீலம்தான்.

"மாவு உருண்டைன்னா பிள்ளை வாயில போடும். நீலத்துல ஒரு சாப்பாட்டுச் சாமான் உண்டுமா உலகத்துல? சொல்லுங்க பாப்பம்" என்று பிள்ளைகளிடம் கேட்பார். பிள்ளைகள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும். ஒருவன் கத்தரிக்காய் என்பான். அது ஊதா என்று இவர் தள்ளிவிடுவார். நாவல்பழம் என்றால் அது கறுப்பு. என் மகன் ஒரு வருஷம் 'வானம்' என்று சொல்லி எல்லாரிடமும் திட்டு வாங்கினான். கடைசிவரை ஒருத்தராலும் அவரை ஜெயிக்க முடியவில்லை.

அந்த வெங்காரப் பொடி மேல் ஆளாளுக்கு ஒரு கண். ரோஸ்மேரி தன் மகனின் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டைக்கு அலசுகிற தண்ணீரில் ஒரு சிட்டிகை போடுவாள், சட்டை பளபளவென்று நிற்கும். எங்களிடம் வாடகை வாங்குகிற வீட்டுக்காரம்மா கண்ணம்மாள் முன்வீட்டிலிருந்து வந்து, தங்கச்சி பேரனுக்கு வாயில் மாவு படிந்திருக்கிறது, தேனில் குழைத்துத் தடவ ஒரு கட்டி வேண்டும் என்று கேட்டார்கள். இவர் கையை மூடிக்கொண்டார்.

"எங்க ஊர்லயும் தடவுவாவ ஓனரம்மா. ஆனா தடவக் கூடாது. பச்சப்பிள்ளைக்கு அது விஷம். டாக்டர்ட்ட கொண்டு காட்டுங்க."

"ஏனுங் சாமி, எங்கம்மா காலத்துல இருந்து தடவறமுங்க."

"பொழச்ச பிள்ளைகதானம்மா நமக்குக் கண்ணுல படும்."

அந்த வார்த்தைக்கு அம்மா ரெண்டு நாள் பேசவில்லை. ஆனால் பேரனை டாக்டரிடம் கொண்டுபோனார்கள்.

உருட்டி முடிந்ததும் இவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பார். அதுவரை ஒரு உருண்டை எந்த வீட்டுக்குள்ளும் போகாது. நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார்: "உருண்டை வைக்கப் போறோம்!" ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பதில் வரவேண்டும். "பிள்ளைக வெளிய!" என்று ரோஸ்மேரி கீச்சுக் குரலில் சொல்வாள். "பசங்கெல்லாம் வெளியீங்க சாமி!" என்று கண்ணம்மாள் சொல்வார்கள். மதுரைக்காரர் வீட்டில் ஒரு மாதிரி, தேனிக்காரர் வீட்டில் ஒரு மாதிரி. ஒரு வீட்டில் பதில் வரவில்லை என்றால் தட்டோடு அப்படியே நிற்பார். என்ன வேலை இருந்தாலும் நிற்பார். நான் கூட, "எதுக்கு இந்த நாடகம்? கலர்தான் போட்டிருக்குல்லா" என்று சலித்துக்கொள்வேன். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

பிறகு அடுப்படிகளைச் சாத்திவிட்டு எல்லாரும் வாசல் சந்தில் உட்காருவோம். கண்ணம்மாள் வீட்டிலிருந்து ஒரு பெரிய குண்டா அரிசிம்பருப்பு சாதம் வரும். நெய் மணக்க மணக்க. ரோஸ்மேரி கருவாட்டுக் குழம்பு கொண்டுவருவாள், அதற்கும் இதற்கும் சேராது, ஆனாலும் சேர்த்துத் தின்போம். சாப்பாட்டுக்கு நடுவில் இவர் ஒரு தடவை சட்டைப் பையிலிருந்து வெங்காரப் பொட்டலத்தை எடுத்துக் காட்டுவார். "யாராவது தின்னுட்டா வாயில விரலை விடாதீங்க, உப்புத்தண்ணி குடுக்காதீங்க. வாயைத் துடைச்சுட்டு, இந்தப் பொட்டலத்தோட ஆஸ்பத்திரிக்கு ஓடணும்." மருந்துக் கடைக்காரர் அவரிடம் சொல்லி அனுப்பியது. வருஷா வருஷம் அதே வசனம். நாங்கள் கூடவே சேர்ந்து ஒப்பித்துக் கிண்டல் செய்வோம். பிள்ளைகள் எல்லாம் வாசலில் ஒரே தார்ப்பாயில் படுத்துத் தூங்கும். விடிந்ததும் உருண்டைகளையும் கால் நீட்டிக் கிடக்கிற கரப்பான்களையும் கூட்டி அள்ளிக் குழியில் புதைப்போம். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த ராத்திரிகளைக் கேட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் சொல்வேன்.

இப்போது இவர் இல்லை. நெஞ்சுவலி என்று ஒரு காலையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மகன் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டான். மதுரைக்காரர், தேனிக்காரர் எல்லாம் சொந்த வீடு, வாடகை மாடி என்று கிளம்பிவிட்டார்கள். ரோஸ்மேரி திருமுருகன்பூண்டியில் வீடு கட்டிப் போனாள். பழைய ஆள் என்று லைனில் நான் ஒருத்திதான். கடைசி வீடுகளில் பீகார் பையன்கள். ரோஸ்மேரி இருந்த வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த பிரியங்காவும் அவள் மகள் முன்னியும். புருஷன்காரன் ஊருக்குப் போனவன், வருகிறேன் வருகிறேன் என்று போனில்தான் வருகிறான்.

முன்னி அங்கன்வாடிக்குப் போகிற வயசு. என்னைப் பெரிம்மா என்று கூப்பிடும். பிரியங்கா கம்பெனியில் டிரிம்மிங் வேலை முடித்து வரும்வரை என் அடுப்படியில்தான் குடித்தனம். நான் தயிர்ச்சோறு பிசைந்தால் மணம் பிடித்து வந்து தட்டுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்காரும். அதற்காகவே நான் இரண்டு வேளை வடித்தேன் என்றால் பொய்யில்லை. போன மாதம் அதற்குப் பிறந்தநாள். கைநிறைய கேக்கோடு ஓடிவந்து என் வாயில் திணித்தது. பொம்மை வைத்த கேக், க்ரீம் எல்லாம் நீலம். "என்னட்டி இது, மைப்புட்டியைக் கவுத்த மாதிரி!" என்று நானே சிரித்தேன். சிரித்தேனே தவிர, புத்தியில் ஒன்றும் உறைக்கவில்லை.

இந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்து, ஒரு சாயங்காலம் விளக்குப் போட்டேன். இவர் போட்டோ மேல் ஒரு கரப்பான் உட்கார்ந்து, அவர் மீசைக்கு நேராகத் தன் மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் இருந்தால் வந்திருக்குமா? செருப்பால் அடித்துக் கொன்றுவிட்டு, உட்கார்ந்து அழுதேன். அப்போதே முடிவு செய்தேன், இந்த ஞாயிற்றுக்கிழமை உருண்டை நாள். பழைய ஆட்களை எல்லாம் கூப்பிட வேண்டும்.

போன் மேல் போன் போட்டேன். "சாப்பாடு இங்கதான், எல்லாரும் வந்துரணும்" என்று தொண்டை வலிக்கக் கத்தினேன். ஒருவருக்குக் காதுகுத்து, ஒருவருக்கு முழங்கால் வலி. தேனிக்காரர், "இப்ப அதுக்கு ஸ்ப்ரே வந்துருச்சேக்கா" என்றார். ரோஸ்மேரி மட்டும், "வாரேம்ட்டி. கருவாடு வாங்கவா?" என்றாள். அவள் ஒருத்தி வந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு மத்தியானம் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். இரண்டு பேருமாக வெங்காரம் வறுத்து, இடித்து, பிசைந்தோம். நீலத்தை விட்டபோது அவள், "அண்ணாச்சி கேப்பாவளே, நீலத்துல சாப்பாட்டுச் சாமான் உண்டுமான்னு" என்றாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றேன். வரிசையைப் பார்த்தேன். பையன்கள் வீடு பூட்டியிருந்தது. பிரியங்கா வீட்டுக் கதவு பாதி சாத்தியிருந்தது. ராத்திரி ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்து மகளை அணைத்துக்கொண்டு தூங்குகிறாள். யாரைப் பார்த்துக் கத்துவது? ரோஸ்மேரியைப் பார்த்து, "உருண்டை வைக்கப் போறோம்!" என்று விளையாட்டுக்குச் சொன்னேன். அவளும் விளையாட்டுக்கு, "பிள்ளைக வெளிய!" என்றாள். என் வீட்டுக்குள் போய் சிலிண்டருக்குப் பின்னால், கிரைண்டருக்கு அடியில், அலமாரி மூலையில் வைத்துவிட்டு வந்தேன்.

கண்ணம்மாளுக்கு இப்போது நடை தளர்ந்துவிட்டது. அப்படியும் சின்னக் குண்டாவில் அரிசிம்பருப்பு சாதம் கொண்டுவந்தார்கள். மூன்று பேரும் சந்தில் உட்கார்ந்து பழைய கதைகளைப் பேசினோம். பேசப் பேச இவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது எனக்கு. அப்போதுதான் என் வீட்டுக்குள்ளிருந்து முன்னி வாசலில் வந்து நின்றது. அது எப்போது உள்ளே போனது என்று ஒருத்தரும் கவனிக்கவில்லை. தூங்கி எழுந்த முகம். உதடெல்லாம் நீலம். கையில் பாதி கடித்த உருண்டை.

"பெரிம்மா, கேக் நல்லால்ல" என்றது.

என் கை சோற்றோடு அப்படியே நின்றுவிட்டது. கண்ணம்மாள்தான் முதலில் எழுந்தார்கள். "ஐயோ சாமி! உப்புத்தண்ணி கரைச்சுக் குடு கண்ணு, வாந்தி எடுக்கட்டும்!" ரோஸ்மேரி பிள்ளையைத் தூக்கி வாய்க்குள் விரலை விடப் போனாள். வேண்டாம் என்று நான் போட்ட சத்தத்தில் என் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை. வருஷா வருஷம் நான் கிண்டல் செய்து ஒப்பித்த அதே வசனம் என் வாயிலிருந்து வந்தது. விரலை விடாதீங்க, உப்புத்தண்ணி குடுக்காதீங்க. முந்தானையால் வாயைத் துடைத்தேன். மீதி உருண்டையையும் பொட்டலத்தையும் எடுத்து இடுப்பில் செருகினேன். சத்தம் கேட்டு ஓடிவந்த பிரியங்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. மகளைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "என்ன அக்கா? என்ன?" என்றாள். ஸ்கூட்டியில் ரோஸ்மேரி, நான், பிரியங்கா மூன்று பேரும் பிள்ளையுமாகப் பறந்தோம். போகிற வழியிலேயே முன்னி என் தோளில் நீலமாக வாந்தி எடுத்தது. மாதாவே மாதாவே என்று ரோஸ்மேரி வண்டி ஓட்டினாள். நான் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை, இவரைத்தான் கூப்பிட்டேன்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா பொட்டலத்தை வாங்கிப் பார்த்தார். கடித்த உருண்டையைப் பார்த்தார். எவ்வளவு நேரமாச்சு, எத்தனை தடவை வாந்தி, பிள்ளை எவ்வளவு எடை என்று மளமளவென்று கேட்டார். குளுக்கோஸ் ஏற்றினார்கள். "பாதிதான் உள்ள போயிருக்கு. கையோட கொண்டுவந்தது நல்லதாப் போச்சு. நாளைக்கு வரைக்கும் பார்க்கணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதுல எதுக்கும்மா கலர்?" என்று கேட்டார். பிள்ளை தொடக் கூடாதென்றுதான் என்று சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன் நீல நிற ஜெல்லியை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

பிரியங்கா அழவில்லை. முன்னியின் காலைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தெரியாமல் நடந்துவிட்டது, மன்னித்துக்கொள் என்று என்னென்னவோ சொன்னேன். என் வாய்நீளமெல்லாம் அன்றைக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. அவள் கடைசியில் திரும்பி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அக்கா, நீங்க போன்ல எல்லார்கிட்டயும் பேசினீங்க. சுவர்ல கேட்டுச்சு. சாப்பாடு, வாங்க வாங்கன்னு சொன்னீங்க. என்னைக் கூப்பிடல. எனக்கு ஏன் சொல்லல?"

திருமுருகன்பூண்டிக்குப் போன் போட்டேன், தேனிக்காரருக்குப் போன் போட்டேன். என் சுவருக்கு அந்தப்பக்கம் தலை வைத்துப் படுக்கிறவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. என் மனசில் அந்த வீடு இன்னும் ரோஸ்மேரி வீடுதான். பிள்ளைகளைக் காப்பாற்றியது நீலம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அந்த மனுஷன் தட்டோடு கால் கடுக்க ஏன் நின்றார் என்பது அந்த ஆஸ்பத்திரித் தரையில் வைத்துத்தான் எனக்குப் புரிந்தது. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் சாயங்காலம் முன்னியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நன்றாக இருந்தது, ஓடியது, ஆடியது. ஆனால் என் வாசல்பக்கம் வரவில்லை. வர விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகும்போது பிரியங்கா அதைக் கையைப் பிடித்து வேகமாகக் கூட்டிப்போவாள், அது என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? நான் தயிர்ச்சோறு பிசைந்து வைத்துவிட்டு, சுவருக்கு அந்தப்பக்கம் அது சிரிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பிசைந்த சோறு அப்படியே கிடக்கும். இவர் போனபோது வீடு எப்படி இருந்ததோ, அதே மாதிரி ஆகிவிட்டது.

இப்படியே சில நாள் போனது. ஒரு காலையில் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். திறந்தால் பிரியங்கா. ஒரு கையில் துடைப்பம், ஒரு கையில் செருப்பு.

"அக்கா! எல்லாம் என் வீட்டுக்கு வந்துருச்சு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அட்வான்ஸ்கூடக் கொடுக்காமல் குடிபோய்விட்டன, அவர் சொன்ன மாதிரியே. சிரிப்பு அழுகையாக மாறியதும் அவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். ரோஸ்மேரி இதே வாசலில் இதே மாதிரி துடைப்பத்தோடு நின்ற கதையை அவளுக்குச் சொன்னேன். உருண்டை நாள் என்றால் என்ன என்று முதல் தடவையாக முழுசாகச் சொன்னேன். எல்லாம் சொல்லிவிட்டு, "இந்த ஜென்மத்துல நான் அந்தப் பொடியைத் தொட மாட்டேம்மா" என்றேன்.

அவள் குனிந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

"வைங்க அக்கா" என்றாள். "ஆனா எங்கிட்ட சொல்லிட்டு வைங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் முதலில் தட்டிய கதவு பிரியங்காவுடையது. பிறகு பீகார் பையன்கள் வீடு. அவர்களுக்கு இந்தியில் சொல்ல பிரியங்காவே வந்தாள். கண்ணம்மாளிடமும் சொல்லியாயிற்று. நீலம் போடவில்லை. மூடி இறுக்கமான பவுடர் டப்பாக்களில் ஆணியால் ஓட்டை போட்டு, உருண்டைகளை அதற்குள் போட்டு மூடினோம். கரப்பான் நுழையும், பிள்ளை விரல் நுழையாது. பொட்டலத்தை ரவிக்கைக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டேன். பிரியங்கா காய்கறியெல்லாம் போட்டு ஒரு பருப்புக் குழம்பு வைத்திருந்தாள். கண்ணம்மாளின் சாதத்துக்கும் அதற்கும் நன்றாகவே சேரும் போல இருந்தது.

டப்பாக்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு, அவர் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். கனைத்துக்கொண்டு கத்தினேன்.

"உருண்டை வைக்கப் போறோம்!"

"இங்க பசங்க யாருமில்லீங்க கண்ணு!" என்று முன்வீட்டிலிருந்து கண்ணம்மாள். பையன்கள் வீட்டிலிருந்து இந்தியும் தமிழுமாக ஒரு கூச்சல். பிரியங்கா வீட்டிலிருந்து பதில் இல்லை. உள்ளே முன்னி எதற்கோ அடம்பிடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பையன்கள், வைத்துவிடலாமே அக்கா என்பது போல என்னைப் பார்த்தார்கள். நான் அசையவில்லை. கை வலித்தது, தட்டை மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கதவு திறந்தது. ஒரு கால் செருப்போடு திமிறுகிற மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பிரியங்கா சந்துக்கு வந்தாள். வந்து, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி, நான் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள்.

"பிள்ளை வெளிய!"

முன்னி அவள் இடுப்பிலிருந்து என்னிடம் தாவக் கையை நீட்டியது. தட்டை ஒரு பையனிடம் கொடுத்துவிட்டு முதலில் பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.